பட்டா கையில் இருந்தால் வீடு கட்டிவிடலாமா?

(முன்னாள் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுடன் நடந்த சந்திப்பில் ஆற்றிய உரை. பேச்சு நடை கூடுமானவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)

வேலைக்கு விடுப்பு எடுத்து வந்தவர்களும் இருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நம்முடைய கூட்டங்களில் வழக்கமாக நிலமில்லாதவர்களைப் பற்றித்தான் பேசுவோம். இன்று நிலம் வாங்கியவர்களைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. தோட்டம் கைமாறியது. கிடைத்த இழப்பீட்டோடு ஊழியர் சேமநிதியையும் பெண்களின் நகையையும் சேர்த்துப் போட்டு, பக்கத்தில் எங்கோ ஒரு துண்டு விவசாய நிலம் வாங்கினீர்கள். சிலர் வீடு கட்டிவிட்டீர்கள். சிலர் கட்டப் போகிறீர்கள். பிறகு ஒரு நாள் மாவட்ட மன்றத்திலிருந்து கடிதம் வருகிறது. மலாயில் இரண்டு பக்கம். கடைசிப் பத்தியில், அனுமதியில்லாத கட்டடத்தை இத்தனை நாளுக்குள் நீங்களே அகற்றிவிடுங்கள் என்று இருக்கிறது. உடனே எல்லோரும் கேட்கும் கேள்வி: "எங்க காசு, எங்க நிலம், நாங்க யாரைக் கேட்கணும்?"

நியாயமான கேள்விதான். ஆனால் இந்த நாட்டுச் சட்டப்படி கேட்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் இல்லை, இரண்டு பேர். நில அலுவலகம் ஒன்று, ஊராட்சி மன்றம் இன்னொன்று. நிலம் உங்களுடையது என்பதற்குப் பட்டா சாட்சி. அந்த நிலத்தில் என்ன செய்யலாம் என்பது வேறு விஷயம். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்ததால்தான் நம்மவர்கள் அதிகம் அடிபட்டிருக்கிறார்கள்.

இதை ஏன் நாம் தெரிந்துகொள்ளவில்லை? நமக்குப் படிப்பு இல்லை, அக்கறை இல்லை என்று நம் தலைவர்கள் சிலரே மேடையில் சொல்கிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். மலாய்க் கம்பத்தில் நிலம் பரம்பரையாக வந்தது. பெங்ஹுலுவைத் தெரியும், நில அலுவலகம் போகத் தெரியும். சீனர்களின் புதுக்கிராமங்களில் அவசரகாலத்திலிருந்தே மனை, எண், குத்தகை என்று ஒரு பழக்கம் வந்துவிட்டது. நமக்கு என்ன இருந்தது? லயம். லயத்து வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போனது. கூரை ஒழுகினாலும் கிராணியிடம் சொல்ல வேண்டும், சமையலறையை நான்கு அடி நீட்டினாலும் மானேஜரிடம் கேட்க வேண்டும். 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம் வீடு எப்படி இருக்க வேண்டும், தண்ணீர் எப்படி வர வேண்டும் என்றெல்லாம் சொல்லிற்று. அந்த வீடு தொழிலாளிக்குச் சொந்தமாக வேண்டும் என்று சொல்லவில்லை. மூன்று தலைமுறை நில அலுவலகத்தின் வாசலை மிதிக்கத் தேவையில்லாமல் வைத்திருந்துவிட்டு, ஒரே நாளில் நிலச் சந்தையில் இறக்கிவிட்டால் என்ன நடக்கும்?

துண்டாடல் என்ற சொல் இங்கே உள்ள பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஐம்பதுகளிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அந்த நெருக்கடியில்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பிறகு தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ பிரிவு வந்தது. 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்டத்தைத் துண்டாக்கிப் பலருக்கு விற்க வேண்டுமானால் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். அன்று தோட்டத்தை வெட்டினார்கள். இன்று மூன்று ஏக்கர், ஐந்து ஏக்கர் நிலத்தை வெட்டுகிறார்கள். அதற்கு அந்த வாரியம் வராது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பட்டாவை எடுங்கள். கொண்டு வந்தவர்கள் இப்போதே கையில் எடுத்துப் பாருங்கள். மூன்று வரிகளைத் தேட வேண்டும். முதலாவது நிலப் பயன்பாட்டு வகை, அதாவது காத்தெகோரி. விவசாயத்துக்குப் பெர்த்தானியான் என்றும், கட்டடத்துக்கு பங்குனான் என்றும், தொழிலுக்கு இண்டஸ்ட்ரி என்றும் இருக்கும். இரண்டாவது ஷாராத் ஞாத்தா என்ற வெளிப்படை நிபந்தனை. ரப்பர் மட்டும், செம்பனை மட்டும் என்று இதில் எழுதியிருக்கலாம். மூன்றாவது செக்காத்தான் கெபெந்திஙான். மாநில அரசின் சம்மதம் இல்லாமல் விற்கக் கூடாது, அடகு வைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இங்கேதான் வரும். மலாய் ஒதுக்கீட்டு நிலமா என்பதும் பட்டாவில் தெரிந்துவிடும். அப்படி இருந்தால் அது உங்கள் பெயருக்கு மாறவே மாறாது, விற்கிறவர் எத்தனை சத்தியம் செய்தாலும் சரி.

பட்டாவின் நகலைக் காட்டி ஏமாற்றுகிறவர்கள் உண்டு. நகலை நம்பாதீர்கள். நில அலுவலகத்தில் கட்டணம் கட்டினால் சாரியான் ரஸ்மி, அதாவது அதிகாரபூர்வத் தேடல் அறிக்கை கொடுப்பார்கள். இன்று அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது, அதன் மேல் வங்கிக் கடன் இருக்கிறதா, தடை மனு இருக்கிறதா என்பதெல்லாம் அதில் வரும். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது.

சிலருடைய பட்டா பழையது. காத்தெகோரி என்ற இடத்தில் ஒன்றும் எழுதியிருக்காது. "ஒண்ணும் எழுதல, அப்ப என்ன வேணா செய்யலாம்" என்று சொல்லி அப்படிப்பட்ட நிலத்தை விற்கிறார்கள். தவறு. தேசிய நிலச் சட்டம் 1966 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்தது. அதற்கு முன்பே கொடுக்கப்பட்டு, வகை எதுவும் குறிக்கப்படாத நாட்டுப்புற நிலத்தை விவசாயத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று 53-ஆவது பிரிவு சொல்கிறது.

இப்போது ஒரு நல்ல செய்தி. விவசாய நிலம் என்றாலே வீடு கட்டக் கூடாது என்று நில அலுவலக முகப்பிடத்தில் உட்கார்ந்திருக்கும் சில இளைஞர்கள் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அதே சட்டத்தின் 115-ஆவது பிரிவு, விவசாய வகை நிலத்தில் எந்தெந்தக் கட்டடம் இருக்கலாம் என்று வரிசையாகச் சொல்கிறது. அந்த வரிசையில் முதலாவதே நில உரிமையாளர் குடியிருக்கும் வீடு. ஆனால் வீடும் அதைச் சேர்ந்த இடமும் மொத்த நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, 2 ஹெக்டேரையும் தாண்டக் கூடாது, இரண்டில் எது குறைவோ அதுவே அளவு. ஒரு ஏக்கர் என்றால் 43,560 சதுர அடி. ஐந்தில் ஒன்று 8,712 சதுர அடி. ஒரு குடும்பத்துக்கு இது தாராளம். மீதி இடத்தில் பயிர் செய்திருக்க வேண்டும். வாழையோ தென்னையோ இருக்க வேண்டும், காடாகப் போட்டுவிடக் கூடாது.

ஆகவே ஒரு ஏக்கரை ஒரே குடும்பம் ஒரே பெயரில் வைத்திருந்தால், நிலத்தின் வகையை மாற்றாமலேயே சொந்த வீடு கட்ட வழி இருக்கிறது. உங்கள் வெளிப்படை நிபந்தனையில் வேறுவிதமாக எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். வாய் வார்த்தையாகக் கேட்காதீர்கள். கடிதம் எழுதிக் கேளுங்கள். முத்திரை குத்திய நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முகப்பிடத்து வாய்ப் பதிலுக்கு எதிராக யாரும் எங்கும் மேல்முறையீடு செய்ய முடியாது.

நம்மில் பெரும்பாலோரிடம் ஒரு ஏக்கர் இல்லை என்பதுதான் சிக்கல். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும்.

ஒருவர் மூன்று ஏக்கர் விவசாய நிலத்தை வாங்குகிறார். ஒரு வரைபடம் போடுகிறார். நடுவில் சாலை, இரண்டு பக்கமும் மனை, மூலையில் கோயில்கூட வரைந்திருப்பார். நாற்பது மனை. மனைக்கு 3,000 சதுர அடிக்கு மேல் வரும் என்கிறார். விலையைப் பார்த்தால் தாமான் வீட்டின் முன்பணத்துக்குக்கூட ஆகாது. நாற்பது குடும்பங்கள் பணம் கட்டுகின்றன. "அண்ணே, 17-ஆம் நம்பர் லோட்டு ஒங்களுது" என்று கல் நட்டுக் காட்டுகிறார். அந்தக் கல்லுக்கும் நில அளவைத் துறைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மலாயில் இதற்கு லோட் லிடி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். லிடி என்றால் தென்னை ஈர்க்கு. ஈர்க்கு ஈர்க்காகக் கிழித்த நிலம் என்று அர்த்தம்.

சட்டத்தின் கண்ணில் அங்கே நாற்பது மனை கிடையாது. ஒரே நிலம், நாற்பது பங்கு. பிரிக்கப்படாத பங்கு. 17-ஆம் எண் என்பது அந்த ஆள் போட்ட வரைபடத்தில் மட்டும்தான் இருக்கிறது. கூட்டு உரிமையாளர் யாருக்கும் நிலத்தின் எந்த ஒரு குறிப்பிட்ட மூலையும் தனியாகச் சொந்தமில்லை. சரி, பிரித்துக்கொள்ளலாம் என்றால், விவசாய நிலத்தை 0.4 ஹெக்டேருக்குக் கீழே, அதாவது சுமார் ஒரு ஏக்கருக்குக் கீழே பிரித்துத் தனிப் பட்டா வாங்கச் சட்டம் இடம் கொடுக்காது. மூன்று ஏக்கரில் மூன்று பட்டா வரலாம், நாற்பது வராது. பல இடங்களில் அந்தப் பங்குகூட மக்கள் பெயரில் பதிவாகியிருக்காது. கையில் இருப்பது வழக்கறிஞர் எழுதிய ஓர் ஒப்பந்தம் மட்டும். விற்றவர் இறந்துபோனாலோ திவாலானாலோ அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு நீதிமன்றப் படி ஏற வேண்டியதுதான்.

இப்படி வாங்கிவிட்டவர்கள் என்ன செய்யலாம்? இரண்டு வேலை. ஒன்று, பங்கு பெயரில் ஏறாதவர்கள் வழக்கறிஞரைப் பார்த்து உடனே தனியார் தடை மனு போடுங்கள். காவியாட் என்பார்கள். அது ஆறு ஆண்டு இருக்கும். அதுவரை உங்களுக்குத் தெரியாமல் நிலத்தை வேறொருவருக்கு மாற்ற முடியாது. முடியும் தேதியை நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, எல்லாரும் சேர்ந்து நிலத்தைக் கட்டட வகைக்கு மாற்றி, மனைகளாகப் பிரிக்க மனுச் செய்வது. 124-ஆவது பிரிவுப்படி வகை மாற்றம் என்று ஒரு வழி. வகை மாற்றமும் பிரிப்பும் ஒரே மனுவில் என்றால் 124ஏ. நிலத்தை அரசிடம் ஒப்படைத்து, மனை மனையாகத் திரும்பப் பெறுவது இன்னொரு வழி. எந்த வழியில் போனாலும் உரிமம் பெற்ற நில அளவையாளர் வேண்டும், ஊராட்சி மன்றத்தின் திட்ட அனுமதி வேண்டும், சாலைக்கும் வடிகாலுக்கும் இடம் விட வேண்டும். நாற்பது மனை என்று படம் போட்ட இடத்தில் முப்பது கிடைத்தாலே பெரிது. மீதிப் பத்துக் குடும்பத்துக்கு என்ன பதில் என்பதை மனுப் போடுவதற்கு முன்பே உட்கார்ந்து பேசி எழுதிவிட வேண்டும். இதைப் பேசாமல் தள்ளிப்போட்ட குழுக்கள் பாதி வழியில் உடைந்திருக்கின்றன. அண்ணன் தம்பி பேசாமல் போனதையும் பார்த்திருக்கிறேன்.

எல்லாக் கூட்டு உரிமையாளரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் இறந்திருந்தால், முதலில் அவருடைய வாரிசுகள் பெயருக்கு மாற வேண்டும். எளிய சொத்துகளுக்கு 1955-ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பகிர்வுச் சட்டப்படி நில அலுவலகத்திலேயே விசாரணை நடத்திப் பிரித்துக் கொடுப்பார்கள். தாத்தா பெயரிலேயே இருக்கட்டும் என்று விட்டுவைத்த நிலத்தில் பேரப்பிள்ளை வீடு கட்ட மனுச் செய்ய முடியாது. ஒருவர் மட்டும் பிடிவாதமாகக் கையெழுத்துப் போட மறுத்தால், கூட்டு உரிமையை முடிவுக்குக் கொண்டுவர நீதிமன்றத்தை நாடலாம். 145-ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆனால் அது செலவு பிடிக்கும்.

அடுத்தது பாதை. வீட்டைப் பற்றி யோசிக்கும் யாரும் பாதையைப் பற்றி யோசிப்பதில்லை. தோட்டத்துச் செம்மண் சாலை வழியாகத்தான் உங்கள் துண்டு நிலத்துக்குப் போகிறீர்கள். அறுபது வருஷமாக அந்த வழியில் சைக்கிள் ஓட்டியிருக்கிறீர்கள், சாமி ஊர்வலம் போயிருக்கிறது, பிணம் போயிருக்கிறது. புதுக் கம்பெனி வந்து இரும்புக் கேட் போட்டுப் பூட்டிவிடுகிறது. பலகாலமாக நடந்த வழி என்பதால் உரிமை வந்துவிட்டது என்று நினைக்கிறோம். தேசிய நிலச் சட்டம் அதை ஏற்பதில்லை. நெடுங்காலப் பயன்பாட்டால் மட்டும் இன்னொருவர் நிலத்தின் மேல் வழியுரிமை வராது என்று அது நேராகவே எழுதி வைத்திருக்கிறது. பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும்.

பட்டாவோடு வரும் வரைபடத்தைப் பாருங்கள். உங்கள் நிலத்தை அரசுச் சாலையோ சாலை ஒதுக்கீடோ தொடுகிறதா? தொடாவிட்டால் ஊராட்சி மன்றத்துக்குப் போகும் மனு அந்த ஒரு காரணத்துக்காகவே நின்றுவிடும். தீயணைப்பு வண்டி எப்படி வரும் என்று கேட்பார்கள், அது சரியான கேள்விதான். இதற்கு வழி இருக்கிறது. அடுத்த நில உரிமையாளர் சம்மதித்தால் வழியுரிமையைப் பட்டாவிலேயே பதிவு செய்யலாம். சம்மதிக்காவிட்டால், நில நிர்வாகி வழியுரிமை ஏற்படுத்தித் தரும் அதிகாரம் 388-ஆவது பிரிவிலிருந்து தொடர்கிறது. மாவட்ட நில அலுவலகத்தில் மனுக் கொடுத்தால் விசாரணை வைக்க வேண்டும். இந்தப் பிரிவைப் பற்றி நம்மவர்கள் கேட்பதே இல்லை. அரசியல்வாதியிடம் போய் கேட்டைத் திறந்துவிடச் சொல்கிறோம். அவர் தொலைபேசியில் பேசுவார், கேட் ஒரு வாரம் திறந்திருக்கும்.

நில அலுவலகத்துக்கு அடுத்தபடி ஊராட்சி மன்றம். 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, திட்ட அனுமதி இல்லாமல் எந்த மேம்பாட்டையும் தொடங்கக் கூடாது. மலாயில் கெபெனாரான் மெரான்சாங். அதற்கு அடுத்து கட்டட வரைபட ஒப்புதல். இது 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70-ஆவது பிரிவு. விவசாய நிலத்தில் தனி வீடு ஒன்றுக்கு எவ்வளவு ஆவணம் கேட்பார்கள் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், ஆகவே உங்கள் மாவட்ட மன்றத்தின் விதியைக் கேட்டு வாங்குங்கள். பெரிய கட்டடக் கலைஞரைத் தேடிப் போக வேண்டியதில்லை. இரண்டு மாடிக்கு மேற்படாத, 300 சதுர மீட்டருக்குள் உள்ள வீட்டுக்குப் பதிவு பெற்ற வரைபடக்காரர், பெலுக்கிஸ் பெலான் என்பார்கள், அவர் போதும். அவருடைய பதிவு எண்ணைக் கேளுங்கள். மாவட்ட மன்ற வாசலில் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து "நான் முடிச்சுத் தர்றேன்" என்பவருக்கு அந்த எண் இருக்காது. வீடு முடிந்ததும் குடிபுகச் சான்றிதழ் வேண்டும். முன்பு சி.எஃப். என்று மன்றமே கொடுத்தது. 2007 ஏப்ரலிலிருந்து சி.சி.சி. என்று மாறி, வரைபடம் சமர்ப்பித்த நிபுணரே கொடுக்கிறார்.

அந்தச் சட்டத்தில் நமக்குச் சாதகமான சில வரிகளும் உண்டு. உங்கள் பகுதிக்கு உள்ளூர்த் திட்டம், ரன்சாஙான் தெம்பாத்தான், இல்லாவிட்டால் பக்கத்து நிலக்காரர்களுக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அவர்கள் 21 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். இது இரண்டு பக்கமும் வெட்டும். உங்கள் வீட்டுக்கு அவர்கள் ஆட்சேபிக்கலாம், பக்கத்தில் வரும் தொழிற்சாலைக்கு நீங்களும் ஆட்சேபிக்கலாம். மனுவை நிராகரித்தாலோ தாங்க முடியாத நிபந்தனை போட்டாலோ ஒரு மாதத்துக்குள் மாநில மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். ஒரு மாதம் என்றால் ஒரு மாதம்தான். கடிதத்தை சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டு மூன்று மாதம் கழித்து எங்களிடம் கொண்டு வருகிறீர்கள், அப்போது எங்களால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. அனுமதி கிடைத்தவர்களும் சும்மா இருக்க முடியாது. 12 மாதத்துக்குள் வேலையைத் தொடங்காவிட்டால், நீட்டிப்பு வாங்காவிட்டால், அது காலாவதி.

"இதெல்லாம் பார்த்தா வீடே கட்ட முடியாது, கட்டிட்டுப் பார்த்துக்கலாம்" என்று ஒரு தம்பி சொன்னார். கட்டிவிட்டுப் பார்த்தவர்கள் நிலைமையைச் சொல்கிறேன். திட்ட அனுமதி இல்லாமல் மேம்பாடு செய்தால் 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, தொடர்ந்தால் நாளொன்றுக்கு 5,000 ரிங்கிட் வரை என்று சட்டத்தில் இருக்கிறது. ஏழை வீட்டின் மேல் அந்த உச்ச அளவை யாரும் போட மாட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். நிலத்தின் நிபந்தனையை மீறினால் நில அலுவலகம் அறிவிப்புக் கொடுத்து, கடைசியில் நிலத்தையே பறிமுதல் செய்யலாம். அதுவும் அரிது என்று வைத்துக்கொள்வோம். அரிதில்லாத ஒன்று நிலம் கையகப்படுத்தல். நெடுஞ்சாலை, ரயில் பாதை, வெள்ளத் தடுப்பு என்று நம் பக்கத்தில் எத்தனை நடந்துவிட்டன! 1960-ஆம் ஆண்டின் நிலக் கையகப்படுத்தல் சட்டத்தில், இழப்பீடு கணக்கிடும் அட்டவணையில், ஒரு வரி இருக்கிறது. நிலத்தின் வகையோ நிபந்தனையோ அனுமதிக்காத கட்டடத்தின் மதிப்பைக் கணக்கில் எடுக்கக் கூடாது. நீங்கள் எண்பதாயிரம் வெள்ளி போட்டுக் கட்டிய வீடு அந்தக் கணக்கில் வராது. நிலத்துக்கு மட்டும், அதுவும் விவசாய விலை. நாற்பதில் ஒரு பங்கு.

மதிப்பீட்டு வரி கட்டுகிறோமே, மின்கட்டண ரசீது இருக்கிறதே என்பீர்கள். வரி ரசீது அனுமதி ஆகாது. தேர்தல் நேரத்தில் யாரோ பேசி மீட்டர் போட்டுக் கொடுத்தது நல்லதுதான், பிள்ளைகள் வெளிச்சத்தில் படிக்கிறார்கள். ஆனால் அந்த மீட்டரைக் காட்டி இடிப்பு அறிவிப்பை நிறுத்த முடியாது.

தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தில், டி.ஓ.எல். நிலத்தில், இருப்பவர்களும் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு வார்த்தை. அந்த உரிமம் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31-உடன் முடிகிறது. உரிமம் வைத்திருப்பவர் இறந்தால் அதுவும் முடிந்தது, பிள்ளைக்குப் போகாது, விற்கவும் முடியாது. முப்பது வருஷம் கட்டினாலும் அது வாடகைதான். அங்கே கல் வீடு கட்டப் பணம் போடுவதைவிட, அந்த நிலத்தையே உங்கள் பெயரில் வழங்கும்படி மாநில அரசுக்கு மனுச் செய்வதில் நேரம் போடுங்கள். அரசு நிலத்தில் எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் அதனால் மட்டும் உரிமை வராது என்று 1982-லேயே, சீடேக் எதிர் பேரா மாநில அரசு வழக்கில், கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதுவரை சொன்னது சட்டம். இனி நம் கோரிக்கை.

நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் இருக்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆகவே புத்ராஜெயா அமைச்சரிடம் மாலை போட்டு மனுக் கொடுத்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு வருவதில் பாதி நேரம் வீண். வகை மாற்றத்துக்குக் கட்டும் பிரிமியத்தை முடிவு செய்வது மாநில ஆட்சிக்குழு. அறிவிப்பில் சொன்ன கெடுவுக்குள் அந்தப் பிரிமியத்தைக் கட்டாவிட்டால் கிடைத்த ஒப்புதலும் செத்துப்போகும். ஒப்புதல் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பணம் இல்லாமல் தவித்த குடும்பங்களை எங்களுக்குத் தெரியும். மந்திரி புசார்களிடம் நாம் கேட்பது: தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் குடியிருக்க மட்டும் செய்யும் வகை மாற்றத்துக்குப் பெயரளவு பிரிமியம் வையுங்கள், தவணையில் கட்ட விடுங்கள். ஒரு கம்பெனி ஆயிரம் ஏக்கர் செம்பனையை நகரமாக மாற்றும்போது மாநிலத்துக்கு வரும் வருமானத்துக்குப் பக்கத்தில், நாற்பது குடும்பங்களின் மூன்று ஏக்கர் ஒரு பொருட்டே இல்லை. அந்தக் கம்பெனி நிலத்தின் மதிப்பைத் தங்கள் உழைப்பால் உண்டாக்கியவர்கள் இதே குடும்பங்கள்தான்.

இரண்டாவது கோரிக்கை உள்ளூர்த் திட்டத்தைப் பற்றியது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வரைவு தயாரித்து மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஆட்சேபம் சொல்ல நான்கு வாரத்துக்குக் குறையாமல் அவகாசம் தர வேண்டும். வண்ண வண்ணமாக வரைபடம் தொங்கவிட்டிருப்பார்கள். மஞ்சளோ பச்சையோ என்று பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். உங்கள் நில எண்ணைச் சொல்லி அது என்ன நிறத்தில் வருகிறது என்று கேளுங்கள். வரைவில் அது விவசாயம் என்றே இருந்து நிறைவேறிவிட்டால், அடுத்த பல ஆண்டுகளுக்கு உங்கள் வகை மாற்ற மனு சுவரில் முட்டும். வரைவுக் கட்டத்திலேயே குடியிருப்புப் பகுதியாகக் குறிக்கும்படி எழுத்தில் கேட்க வேண்டும், நேரில் பேச விரும்புகிறோம் என்றும் எழுத வேண்டும். இதற்குப் பணம் செலவில்லை. அங்கே பள்ளிக்கூடம், பூங்கா என்று ஏதாவது பொதுத் தேவைக்குக் குறித்துவிட்டு, அதனாலேயே உங்கள் அனுமதியை மறுத்து, நிலத்தையும் எதற்கும் உதவாமல் ஆக்கினால், நிலத்தை வாங்கிக்கொள்ளச் சொல்லி அறிவிப்புக் கொடுக்கவும் 37-ஆவது பிரிவில் இடம் இருக்கிறது.

மூன்றாவது, ஊராட்சி மன்ற உறுப்பினர்கள். 1965-இல் ஊராட்சித் தேர்தலை நிறுத்தினார்கள், 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நியமனம் என்று நிரந்தரமாக்கிவிட்டார்கள். உங்கள் வீட்டு வரைபடம் யார் மேசைக்குப் போகிறதோ அவரை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, நீக்கவும் முடியாது. கட்சி கொடுத்த பதவி அது. ஊராட்சித் தேர்தல் திரும்ப வர வேண்டும் என்று நாம் கேட்பதை நகரத்துப் படித்தவர்களின் கோரிக்கை என்று சிலர் சொல்கிறார்கள். கிராமத்தில் ஒரு படுக்கையறை வீட்டுக்கு அனுமதி வாங்க அலைந்தவர்களுக்கு அது எவ்வளவு பக்கத்து விஷயம் என்று தெரியும். அதுவரை நியமன உறுப்பினர்களையும் விடக் கூடாது. உங்கள் பகுதி உறுப்பினர் பெயரைத் தெரிந்துகொண்டு, மனுவின் நகலை அவருக்கும் கொடுத்து, எந்தக் கூட்டத்தில் எடுத்தார்கள், என்ன முடிவு என்று எழுத்தில் கேளுங்கள்.

இன்று சில வேலைகளை முடித்துவிடலாம். நம் தொண்டர்கள் மூன்று மேசையில் இருக்கிறார்கள். பட்டா நகலோ ஒப்பந்தமோ கொண்டு வந்தவர்கள் முதல் மேசைக்குப் போங்கள், வகையையும் நிபந்தனையையும் படித்துச் சொல்வார்கள். மாவட்ட மன்றக் கடிதம் வந்தவர்கள் இரண்டாவது மேசை. நில வரி பாக்கிக்காக 6ஏ பாரம் வந்தவர்கள் யாராவது இருந்தால் வரிசையில் நிற்க வேண்டாம், நேராக மூன்றாவது மேசைக்கு வாருங்கள். அதில் மூன்று மாதம்தான் அவகாசம், கட்டாவிட்டால் நிலம் போய்விடும். கூட்டு நிலம் வாங்கிய குழுவினர் மட்டும் கூட்டம் முடிந்து இருங்கள், எல்லாருடைய பெயரும் அடையாள அட்டை எண்ணும் பங்கும் ஒரே தாளில் எழுத வேண்டியிருக்கிறது. கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் இப்போது கேட்கலாம். அம்மா, நீங்கள் முன்பே கை தூக்கினீர்கள், நீங்கள் ஆரம்பியுங்கள்.